பதிவேட்டில் ஏறிய பெயர்

கள்ளக்குறிச்சி மரச் சிற்பம் என்ற மூன்று சொற்கள் 2021-ஆம் ஆண்டில் சட்டம் காக்கும் சொத்தாயின. கருப்பூர் கலம்காரி ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்த அதே ஆண்டில் இதற்கும் கிடைத்தது. விண்ணப்பம் 2013-இல் போட்டது. அப்போது கள்ளக்குறிச்சி, விழுப்புரம் மாவட்டத்தின் ஒரு வட்டத் தலைநகர். 1993-க்கு முன்னால் தென்னாற்காட்டில் இருந்த ஊர். 2019 நவம்பர் 26 முதல் தனி மாவட்டம். ஊரின் பெயரைச் சொத்தாக்கக் கேட்ட காகிதம் சென்னைப் பதிவகத்தில் காத்திருந்த எட்டு ஆண்டுக்குள் ஊர் எந்த மாவட்டம் என்பதே மாறிவிட்டது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1999-ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி பதிவுக் காலம் பத்து ஆண்டு, அது விண்ணப்பம் போட்ட நாளிலிருந்தே எண்ணப்படும். முதல் பத்தில் எட்டு ஆண்டு காத்திருப்பிலேயே கழிந்தது. இதை அரசு இயந்திரத்தின் வழக்கமான மந்தம் என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் இந்த வட்டாரத்தின் பழைய வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது: எந்தக் காலத்திலும் உரிமை, பொருளைச் செய்த கையைத் தேடிப் போனதில்லை, அதை ஏட்டில் எழுதி வைத்தவரிடமே போய்ச் சேர்ந்திருக்கிறது. டிஜிட்டல் காலம் இந்த வழக்கத்தைப் புதிதாக உண்டாக்கவில்லை. எழுதும் வேகத்தை மட்டும் நம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கூட்டியிருக்கிறது.

தொழிலைப் பற்றி முதலில். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டங்களில் தெய்வ உருவங்கள், கதவு நிலைகள், வாகனங்கள், தேர்ப் பொம்மைகள் ஆகியவற்றைத் தேக்கிலும் வாகையிலும் செதுக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. மதுரை பல ஆட்சிகளின் கீழ் செழித்த காலத்தில் அங்கே வளர்ந்த தச்சுக்கலை, அங்கிருந்து குடிபெயர்ந்த தச்சர்களோடு இந்தப் பக்கம் வந்தது என்பதுதான் குறியீட்டுக்காக முன்வைக்கப்பட்ட வரலாறு. ஒரு மண்ணுக்கே உரியது என்று சான்று வாங்கிய கலை, வேறு மண்ணிலிருந்து வந்ததாகத் தன் கதையைச் சொல்லிக்கொள்கிறது. இதில் முரண் எதுவும் இல்லை. தேயிலைக்கு மலைச்சரிவின் மண்ணும் பனியும் எப்படியோ, சிற்பத்துக்கு ஊர் அப்படி அன்று. இங்கே ஊர் என்பது பட்டறைகளின் தொடர்ச்சி; யார் யாரிடம் உளி பிடிக்கக் கற்றார் என்பதன் சங்கிலி. அந்தச் சங்கிலி நகர்ந்து வந்து ஓரிடத்தில் நின்று இரண்டு மூன்று தலைமுறை கண்டால் அந்த இடம் அதற்குச் சொந்த ஊராகிவிடுகிறது. அதன் உள் இலக்கணமோ எந்த ஊருக்கும் சொந்தமில்லை. முகத்தின் நீளத்தை ஒரு தாளம் என்று கொண்டு, அதைப் பன்னிரண்டு அங்குலமாகப் பகுத்து, நவதாளத்தில் உருவம் 108 அங்குலம் என்று வகுக்கும் கணக்கு, தமிழ்நாட்டுச் சிற்பிகள் எல்லாருக்கும் பொது. இந்த அங்குலம் கடைக்காரர் அளக்கும் அங்குலம் அன்று, செய்யும் உருவத்துக்கு ஏற்ப நீண்டு குறுகுவது. எந்தக் கையில் எந்த ஆயுதம், எந்தத் தெய்வத்துக்கு எந்த ஆசனம் என்பதும் அப்படியே. ஆக, இந்தத் தொழிலில் உருவம் பொதுச்சொத்து. கைப்பழக்கம் மட்டுமே தனிச்சொத்து. நம் காலத்துச் சட்டம் இதைத் தலைகீழாகப் பார்க்கிறது. அதற்கு உருவம் தெரியும், பெயர் தெரியும். கைப்பழக்கத்தைப் பிடித்து எழுத அதனிடம் பெட்டி இல்லை.

ஏட்டில் எழுதியவருக்கே உரிமை என்பதற்கு மேற்கே நிற்கும் கல்வராயன் மலையே முதல் சாட்சி. சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்தார்களின் கீழ் அந்த மலை இருந்தது. கிருஷ்ணதேவராயர் காலத்துச் செப்பேட்டைக் காட்டித் தங்கள் உரிமையை அவர்கள் நிறுவிக்கொண்டார்கள் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. நாடு விடுதலை பெற்று ஏறக்குறைய முப்பது ஆண்டு கழித்து, 1976-இல்தான் ஜாகீர் முறை முடிவுக்கு வந்தது. காட்டைத் திருத்தி உழுதவர் மலையாளி என்ற பழங்குடி மக்கள். ஏடு இருந்தது ஜாகீர்தாரிடம். மலையின் கடுக்காய்க்கும் இதே கதை. தோல் பதனிடக் கடுக்காய் வெளிநாட்டுக்குக் கப்பலேறிய நாட்களில் வணிகர்கள் அதை ஊர்ப்பெயர் வைத்தே தரம் பிரித்தார்கள். பீமிலி, ஜபல்பூர், ராஜ்பூர், வெங்குர்லா, மெட்ராஸ் என்பவை அந்தக் காலத்து விலைப்பட்டியல்களில் நின்ற பெயர்கள். இவற்றில் பீமிலியும் வெங்குர்லாவும் மெட்ராஸும் துறைமுகங்கள். காய் எந்த மலையில் பொறுக்கப்பட்டது என்பது விலையைத் தீர்மானிக்கவில்லை. எந்த ஊரில் மூட்டை கட்டி எழுதப்பட்டது என்பதே தீர்மானித்தது. புவிசார் குறியீடு என்ற சொல் பிறப்பதற்கு நூறு ஆண்டுக்கு முன்பே ஊர்ப்பெயர் ஒரு வணிகச் சொத்தாகத்தான் இருந்திருக்கிறது. அதன் பயன் மலையேறவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது சாட்சி லண்டனிலிருந்து வருகிறது. இன்றைய டிஜிட்டல் பிரச்சினைக்கு இதைவிட நெருங்கிய முன்னோடி எனக்குத் தெரிந்து இல்லை. 1866-இல் ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்ற அதிகாரி இந்தியத் துணிகளின் 700 மாதிரிகளை வெட்டி ஒட்டிப் பதினெட்டுத் தொகுதிகளாகக் கட்டினார். மொத்தம் இருபது பிரதிகள். பதின்மூன்று பிரிட்டனின் தொழில் நகரங்களுக்குப் போயின, ஏழு இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்டன. இந்தியர் விரும்பி உடுத்துவது எது என்பதை லங்காஷயர் நெசவாலைகள் தெரிந்துகொண்டு அதையே நெய்து விற்க வேண்டும் என்பதே நோக்கம். அதை அவர் மறைக்கவும் இல்லை. ஒவ்வொரு துண்டிலும் நீளம், அகலம், எடை, விலை, வாங்கிய இடம் எல்லாம் எழுதப்பட்டன. நெய்தவர் பெயருக்கு அங்கே இடமில்லை. இது திருட்டா என்று கேட்டால் அன்றைய சட்டப்படி இல்லை. மாதிரிகள் காசு கொடுத்து வாங்கப்பட்டவை. இந்தியாவில் வடிவமைப்புகளுக்குப் பாதுகாப்புத் தரும் முதல் சட்டமே 1872-இல்தான் வந்தது. அதன் வழியில் 1888, 1911, 2000 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்த சட்டங்கள் வந்தன. எல்லாமே 'புதியது' என்பதைக் காத்தன. வழிவழி வந்த வடிவம் அந்த அளவுகோலில் பிறக்கும்போதே தோற்றுவிடும். இன்று இணையத்தில் கிடக்கும் படங்களை அள்ளிப் பயிற்சிக்குக் கொடுத்து, கேட்ட உருவத்தை வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவைப் பற்றி எழும் கேள்வி, அந்தப் பதினெட்டுத் தொகுதிகள் எழுப்பிய அதே கேள்விதான். 2024 நவம்பரில் ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் ஓப்பன்ஏஐ மீது டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. செய்தி நிறுவனத்திடம் தன் பெயர் போட்ட கட்டுரைகள் இருக்கின்றன, வழக்காட முடிந்தது. தேர்ச் சிற்பத்தின் படத்துக்குக் கீழே யார் பெயரும் கிடையாது.

புவிசார் குறியீட்டுச் சட்டமும் வெளியிலிருந்து வந்த ஓர் அதிர்ச்சியின் பிள்ளைதான். 1997-இல் அமெரிக்காவின் ரைஸ்டெக் நிறுவனம் பாஸ்மதி வகை அரிசிக்குக் காப்புரிமை வாங்கியது. உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தப்படி, சொந்த நாட்டில் பாதுகாக்கப்படாத பெயரைப் பிற நாடு பாதுகாக்கக் கடமைப்பட்டதில்லை. எனவே 1999-இல் சட்டம் இயற்றி, 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். முதல் பதிவு டார்ஜிலிங் தேயிலை. ஏற்றுமதிக் கப்பலில் பெயர் திருட்டுப் போகாமல் தடுக்க எழுதிய சட்டம், கள்ளக்குறிச்சிப் பட்டறைக்கும் அப்படியே பொருந்தும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம். ஆனாலும் அந்தச் சட்டத்தில், பெரும்பாலும் கவனிக்கப்படாத ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. பதிவேட்டுக்கு இரண்டு பகுதி. முதற்பகுதியில் குறியீடும் அதன் பதிவு உரிமையாளரும். உரிமையாளர் என்பவர் வழக்கமாக ஒரு சங்கமோ அரசு நிறுவனமோ. இரண்டாம் பகுதியில் அந்தப் பெயரைப் பயன்படுத்த உரிமை பெற்ற உற்பத்தியாளர்களின் பெயர்கள், ஒவ்வொருவராக. இவர்களைச் சட்டம் அங்கீகரிக்கப்பட்ட பயனர் என்கிறது. வழக்குத் தொடுக்கும் உரிமை சங்கத்துக்கு மட்டும் இல்லை, இரண்டாம் பகுதியில் பெயருள்ள தனி ஆளுக்கும் உண்டு. 2020-இல் இந்தப் பதிவுக்கான கட்டணத்தை 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைத்தார்கள். ஒரு டீயின் விலை. நாளிதழ்களில் செய்தியாவது முதற்பகுதி. மேடையில் சால்வை போர்த்தப்படுவதும் அதற்குத்தான். ஆசாரியின் தலையெழுத்தை மாற்றக்கூடியதோ இரண்டாம் பகுதி.

ஏன் மாற்றும் என்பதற்கு, இன்று பட்டறைத் தெருவில் நடப்பதைப் பார்க்க வேண்டும். சி.என்.சி. இயந்திரம் என்று எல்லாரும் சொல்லும் கணினிச் செதுக்கி, ஒரு கோப்பைப் படித்து மரத்தைக் குடைகிறது. கோப்பு என்பது பல நேரம் ஒரு சாம்பல் நிறப் படம். வெளிச்சமான இடம் மேடு, இருண்ட இடம் பள்ளம், அவ்வளவே கணக்கு. ஒரு கஜலட்சுமி பலகையின் கோப்பைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கலாம், வாட்ஸ்அப்பில் இலவசமாகவும் வாங்கலாம். அது எந்த ஊர்ச் சிற்பத்தைப் பார்த்து எடுத்தது என்று கோப்பு சொல்லாது. இதை எங்கோ ஒரு நகரத்தில் குடைந்து, எந்த ஊர்ப்பெயரும் போடாமல் விற்றால் புவிசார் குறியீட்டுச் சட்டம் வாய் திறக்காது, ஏனென்றால் அது காப்பது பெயரை. கள்ளக்குறிச்சிப் பெயரையே போட்டு விற்றால் குற்றம். 'கள்ளக்குறிச்சி பாணி' என்று போட்டால்? பாணி, வகை, போல என்ற ஒட்டுகளைக்கூடத் தடுக்கும் கடுமையான பாதுகாப்பை, மத்திய அரசு தனியே அறிவிக்கும் பொருள்களுக்கு என்றே சட்டம் ஒதுக்கி வைத்திருக்கிறது. பெயருக்குப் போட்ட பூட்டு ஒரு கதவுக்குத்தான், பக்கத்துக் கதவு திறந்தே கிடக்கிறது.

பதிப்புரிமைச் சட்டம் அந்தப் பக்கத்துக் கதவை மூடுமா என்றால், 1957-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். அதில் சிற்பிக்கு நினைத்ததைவிட அதிகமும் இருக்கிறது, குறைவும் இருக்கிறது. சிற்பி சொந்தமாகக் கற்பனை செய்து வடித்த உருவத்துக்குப் பதிவே செய்யாமல் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டும் உரிமை உண்டு. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படமும் வரையச் சொன்ன ஓவியமும் காசு கொடுத்தவருக்கே சொந்தம் என்று சொல்லும் பிரிவில் சிற்பம் இல்லை. ஆக, தனியாகத் தொழில் செய்யும் ஆசாரியிடம் ஆர்டர் கொடுத்தவர் சிலையை எடுத்துப் போகலாம், அதன் படைப்புரிமை ஆசாரியிடமே நிற்கும். இதை அறிந்து ரசீது எழுதும் பட்டறை எத்தனை என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த வரியிலேயே சறுக்கலும் இருக்கிறது. சம்பளத்துக்கோ தொழில் பழகவோ ஒருவரிடம் இருந்துகொண்டு செய்த படைப்பு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலை கொடுத்தவருடையது. தொழில் பழகுவது என்ற சொல் சட்டத்திலேயே இருக்கிறது. குருவின் காலடியில் பத்து ஆண்டு உளி பிடித்தவன் செதுக்கிய முகம் குருவினுடையது என்பதை நம் மரபு மரியாதையாகச் சொன்னது, சட்டம் சொத்துக் கணக்காகச் சொல்கிறது. பொது இடத்தில் நிலையாக நிற்கும் சிற்பத்தைப் படம் எடுப்பதும் வரைவதும் குற்றமில்லை என்று ஒரு விலக்கும் உண்டு. எடுத்த படத்தின் உரிமை, எடுத்தவருக்கு. ஆனால் அந்த விலக்கு படத்தோடு நின்றுவிடுகிறது. உரிமைக் காலம் முடியாத ஒரு சிற்பத்தைப் படமெடுத்து, அதிலிருந்து கோப்பு செய்து, மறுபடி மரத்தில் குடைந்தால் அது மறுபடைப்பு. வழக்குப் போட இடமுண்டு. போட வேண்டுமானால் இதை வடித்தவன் நான், இந்தத் தேதியில் வடித்தேன் என்று காட்ட வேண்டும். மறுபடியும் ஏடுதான்.

இதற்குச் சொல்லப்படும் முதல் மறுப்பு நேர்மையானது. ஆசாரிகள் மட்டும் நகலெடுக்கவில்லையா? 1894-இல் தொடங்கிய ரவிவர்மா அச்சகத்தின் படங்கள் பரவிய பிறகு, தாமரையில் நின்ற லட்சுமிக்கு மரத்திலும் அந்தச் சாயல் வந்துவிட்டது. நாட்காட்டியைச் சுவரில் மாட்டி, அதைப் பார்த்துச் செதுக்காத பட்டறை அரிது. நகலால் வளர்ந்த தொழில், நகலுக்கு எதிராகச் சட்டம் கேட்பது எப்படி நியாயம்? நகல் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு காரியங்களை அடைப்பதால் வரும் கேள்வி இது. தட்டையான நாட்காட்டிப் படத்தைப் பார்த்து மரத்தில் முதுகும் பக்கமும் கண்டு வடிப்பவர், தாளக் கணக்கைத் தானே போட்டாக வேண்டும். பார்த்துச் செய்யும்போதும் கை கற்கிறது, அடுத்த உருவம் வேறாக வருகிறது. கோப்பைப் பெறுபவர் எதையும் கற்க வேண்டியதில்லை. ஆயிரமாவது பலகையும் முதல் பலகையும் ஒன்றே. அதோடு, பழைய நகலுக்குச் சொல்லாத ஒரு கடன் இருந்தது. யாரிடம் கற்றோம் என்பதைச் சொல்லித்தான் ஒரு சிற்பி தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வார். கோப்புக்குக் குரு இல்லை. நான் கேட்பது நகலுக்குத் தடை இல்லை. தாளமானத்துக்கும் கஜலட்சுமிக்கும் யாரும் பூட்டுப் போடக் கூடாது, போட்டால் முதலில் சாவது இந்தத் தொழில்தான். கேட்பது, செய்த கையின் பெயர் பொருளோடு கூட வர வேண்டும் என்பதை மட்டுமே.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது, பட்டறைக்குள்ளிருந்தே வருவது. இயந்திரம் வெளி எதிரி இல்லையே. மரத்தை முதலில் இயந்திரத்தில் குடைந்து, முகத்தையும் விரலையும் கையால் முடிப்பவர்கள் இல்லையா? இடுப்பு ஒடிய வேலை செய்தவர்களிடம் போய் இயந்திரத்தைத் தொடாதே என்று சொல்ல, உட்கார்ந்து எழுதுபவர்களுக்கு என்ன தகுதி? தகுதி இல்லைதான். ஆனால் இயந்திரத்தைத் தடுப்பதும் இயந்திர வேலையைக் கைவேலை என்று விற்பதைத் தடுப்பதும் ஒன்றில்லை. நெசவில் இந்த வேறுபாட்டை நாடு ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறது. சில துணிவகைகளைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கி 1985-இல் சட்டம் வந்தது, உச்ச நீதிமன்றம் 1993-இல் அது செல்லும் என்றது. வாங்குபவர் அறிய 2006-இல் கைத்தறி முத்திரையும் வந்தது. மரச் சிற்பத்துக்கு அப்படி எதுவும் இல்லை. ஒதுக்கீடு தேவை என்றுகூட நான் சொல்லவில்லை. எவ்வளவு கை, எவ்வளவு இயந்திரம் என்று சீட்டில் எழுதினால் போதும். கண்டுபிடிப்பதும் கடினமில்லை. சாதாரண மூன்று அச்சு இயந்திரத்தின் முனை மேலிருந்து கீழாகத்தான் இறங்கும். மாலைக்குப் பின்னால், தோளுக்கும் பிரபைக்கும் நடுவில், தும்பிக்கையின் அடியில் உள்வாங்கிச் செல்லும் குடைவை அது எட்டாது. அங்கே உளிதான் போக முடியும். குறியீட்டு விண்ணப்பத்தில் உற்பத்தி முறை எழுதப்பட வேண்டும், தரத்தைப் பார்க்க ஓர் ஆய்வு அமைப்பும் சொல்லப்பட வேண்டும். அந்த ஆய்வாளர் முதலில் விரல் விட்டுப் பார்க்க வேண்டிய இடம் அதுவே.

பெயரெல்லாம் ஏட்டில் ஏறினாலும் இணையக் கடைகளில் என்ன செய்துவிட முடியும் என்பவர்களும் உண்டு. தளத்துக்கு வழக்கமான கேடயம், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு: விற்பவர் வேறு, நாங்கள் இடைநிலையர் மட்டுமே. ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 2015-இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கேடயத்தைத் தடிமனாக்கியது. நீதிமன்ற ஆணையோ அரசு அறிவிப்போ வந்தால்தான் தளம் உள்ளடக்கத்தை நீக்கியாக வேண்டும் என்றது. ஆனால் பதிப்புரிமைக்குத் தனி வழி இருக்கிறது. உரிமையாளர் எழுத்தில் புகார் கொடுத்தால், 2013-ஆம் ஆண்டு விதிகளின்படி 36 மணி நேரத்துக்குள் அணுகலை நிறுத்தி, 21 நாள் வரை நிறுத்தி வைக்க வேண்டும். அதற்குள் நீதிமன்ற ஆணை வராவிட்டால் திறந்துவிடலாம். கோப்புகள் விற்கும் தளத்தின்மேல் ஒரு சிற்பி பிடிக்கக்கூடிய நேரடிப் பிடி இதுதான். புகாரில் முதல் கேள்வி: நீங்கள் யார், படைப்பு உங்களுடையது என்பதற்கு என்ன ஆதாரம்? பட்டறை வாசலில் வைத்துத் தேதியோடு எடுத்த நான்கு புகைப்படங்களும், கையெழுத்திட்ட ஒரு ரசீதும், பதிவேட்டின் இரண்டாம் பகுதியில் ஒரு வரியும் இருப்பவருக்குப் பதில் உண்டு. சங்கத்தின் பெயர் மட்டும் முதற்பகுதியில் இருந்தால், சங்கம் கூட்டம் போட்டுத் தீர்மானம் எழுதுவதற்குள் 21 நாளும் போய்விடும்.

கல்வராயன் மலைக்கும் இப்படி எழுதப்படாமல் கிடக்கும் ஒரு வரி உண்டு. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தை நிலப் பட்டாவுக்கான சட்டமாகவே எல்லாரும் பேசுகிறோம். அதன் மூன்றாம் பிரிவு, உயிரிப் பன்மையும் பண்பாட்டுப் பன்மையும் சார்ந்த மரபறிவின் மீது சமூகமாகக் கொண்டிருக்கும் அறிவுசார் சொத்துரிமையையும் வன உரிமைகளில் ஒன்றாக எண்ணுகிறது. இந்தியச் சட்டங்களில் ஒரு கிராமத்தைப் பார்த்து, உன் அறிவு உன் சொத்து என்று இவ்வளவு நேராகச் சொல்லும் இடம் வேறு எளிதில் கிடைக்காது. கடுக்காயின் எந்தப் பருவம் எதற்கு, எந்த வேர் எந்த நோய்க்கு என்பதை அறிந்த கல்வராயன் மலை மலையாளிகளுக்கு, கிராம சபையைக் கூட்டி அதைக் கோர வழியிருக்கிறது. நில உரிமைக்குப் படிவம் உண்டு, வரைபடம் உண்டு, அதிகாரி உண்டு. இந்த உரிமையை எந்தப் பதிவேட்டில், எந்தப் பகுதியில், யார் பெயரில் எழுதுவது? பழங்குடியினர் பட்டியலில் இந்த மலையின் மலையாளிகளுக்குரிய மாவட்டமாக இன்றும் நிற்பது தென்னாற்காடு. அந்தப் பெயரில் மாவட்டம் இல்லாமல் போய் முப்பது ஆண்டுக்கு மேலாகிவிட்டது. வெள்ளிமலையைத் தலைநகராகக் கொண்ட கல்வராயன் மலை வட்டம் அந்தப் பட்டியலை எழுதியவர்களுக்குத் தெரியாது.